ஆடு போகும் வழி

ரிட்டையரான ஆம்பளையை வீட்டில் வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணியவளுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் தெரியும். இதைப் படித்துவிட்டு "பாவம், அந்த மனுஷர்" என்று யாராவது உச்சுக்கொட்டுவதாக இருந்தால், ஒரு வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேட்டி துண்டெல்லாம் துவைத்து மடித்தே தருகிறேன்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து ரெவின்யூ ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர். ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கிற மனுக்களைப் படித்து, அதில் என்ன குறை என்று கண்டுபிடித்து, "திருத்தித் தரவும்" என்று திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். அதை வஞ்சகம் இல்லாமல் செய்தார். ஐம்பத்தேழாம் வருஷம் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டுப் பக்கம், பென்ஷன்காரர்களாகச் சேர்ந்து மனை பிரித்துக் கட்டிய காலனியில் எங்களுக்கும் ஒரு வீடு அமைந்தது. ஊர் ஊராக மாற்றலாகி, அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்கப் பயந்து வாழ்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது.

பால் காய்ச்சிய வாரமே என் அடுக்களைக்குள் வந்து டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தாளிக்கிறவள் நான். அன்றைக்கு ரசத்தில் கடுகுக்குப் பதில் கசகசா மிதந்தது.

"ரெக்கார்டு ரூம் மாதிரி இருக்கோணும் புள்ள. எதைக் கேட்டாலும் டக்குனு எடுக்கோணும்" என்றார்.

"யாரு கேக்கப் போறா? கலெக்டர் வந்து கடுகு கேக்கப் போறாராக்கும்!"

அதோடு விட்டாரா? அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் ஊற்றினால், "இத்தனை எதுக்கு?" அடுப்பைத் தணித்தால், "ஏன் தணிச்சுட்ட?" செத்த நேரம் தலையைச் சாய்த்தால், "ஒடம்புக்கு என்ன?" மனுஷிக்கு மூச்சு விடக்கூட மேலெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பாடப் பிடிக்கும். நன்றாகப் பாடுவேன் என்று சொல்லவில்லை, பிடிக்கும் என்று சொன்னேன். சாணார்பட்டியில் எங்கள் அப்பாவின் பூந்தோட்டத்தில் நான் பாடினால் நாலு தோட்டத்துக்கு அப்பால் கமலை ஓட்டுகிறவர்கள் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமான பிறகு குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லிசு, பக்கத்தில் மேலதிகாரி வீடு என்று வாயை மூடியதுதான். சொந்தச் சுவர் வரட்டும், ஆசை தீரப் பாடலாம் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். சுவர் வந்தது. கூடவே இவரும் வந்துவிட்டார். ஆள் எதிரே உட்கார்ந்து எண்ணெயை அளந்துகொண்டிருந்தால் தொண்டையிலிருந்து பாட்டு எப்படி வரும்? ஆத்திரமாக வந்தது. அழுகையாகவும் வந்தது.

அக்கம்பக்கத்திலும் இதே கூத்துதான். பக்கத்து வீட்டு ரஹ்மத்துல்லா பாய் கொடைரோட்டில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சோறு இறங்க ஐந்து நிமிஷம் தாமதமானால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "லேட்" என்பார், காரணமும் கேட்பார். எதிர் வீட்டுச் சவரிமுத்து போலீஸில் ஏட்டாக இருந்தவர். "நேத்து வச்ச கொழம்புல ஒரு துண்டு மீனு கொறையுது, யாரு வந்து போனது?" என்று கட்டின பெண்டாட்டி செபாஸ்தியம்மாளையே விசாரிப்பார். அந்த வீதிக்கு வரவே பால்காரன் பயந்தான்.

பாயின் மனைவி பக்ருன்னிசாதான் ஒருநாள் கிணற்றடியில் வழி சொன்னாள். "யா அல்லா! இவங்களுக்கு மறுபடி ஒரு ஆபீசத் தொறந்து குடுத்தாத்தான் நாம பொழைப்போம் சுந்தரம்மா."

ஆபீஸ் தயாராகத்தான் இருந்தது. காலனிக்குக் கிழக்கே நாவல்குளம். கரை நெடுக நாவலும் புங்கனும் நீர்மருதும், உள்ளே கருவேலங்காடு. மழை பெய்து குளம் பெருகினால் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், நாரையும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டும். ஆனால் கேட்பார் இல்லாததால் ஆளாளுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தது.

மத்தியானம் சோறு போடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னேன். "கொளத்துல மரத்த வெட்டுறாங்க, ஆடு மேயுது, கேக்க நாதியில்ல."

கேட்க நாதியில்லை என்று காதில் விழுந்தால் சிரஸ்தாருக்கு உட்கார முடியுமா? கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அதே நேரத்தில் மற்ற இரண்டு வீடுகளிலும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேசி வைத்துக்கொண்டுதான் சொன்னோம்.

இப்படிப் பிறந்ததுதான் நாவல்குளம் வனவள நீர்நிலைப் பாதுகாப்புச் சங்கம். பெயர் வைக்க ஒரு வாரம் ஆயிற்று. தலைவர் யார் என்பதற்கு இன்னொரு வாரம். பாய், தாம் மத்திய சர்க்கார் என்றார். இவர், நிலமெல்லாம் ரெவின்யூவுக்குள்தான் அடக்கம் என்றார். ஏட்டய்யா, மரத்தை வெட்டுகிறவனை யார் பிடிப்பது என்று ஒரே கேள்வி கேட்டார். கடைசியில் மூன்று பேரும் தலைவர்கள் ஆனார்கள். சங்கத்தில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தார்கள். தினமும் பத்து மணிக்கு ஆபீஸ் போகிற மாதிரி சட்டை போட்டு, குடை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். வாய்க்காலை வெட்டினார்கள். வனமகோத்சவத்தில் வாங்கிய கன்றுகளை நட்டு, முள்வேலி போட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பாய் பறவைகளின் வரவைக் கவனித்துக்கொண்டார். கார்த்திகையில் நாரை வந்து இறங்கினால், "போன வருஷத்தைக் காட்டிலும் லேட்" என்பார். யாரிடம் காரணம் கேட்பது என்றுதான் தெரியாமல் தவித்தார். ஏட்டய்யா ஆடு பிடித்தார். குளத்தோரம் குடிசை போட்டிருந்த பெருமாயியின் ஆடுகளைப் பவுண்டுப் பட்டியில் கொண்டுபோய் அடைத்தே அவளைக் குளத்துக்குள் வரவிடாமல் பண்ணிவிட்டார்.

ஒரு மணிக்குப் பசியோடு வருவார்கள், போட்டதைச் சாப்பிடுவார்கள், தூங்கிவிடுவார்கள். எண்ணெய்க் கணக்கு கேட்கத் தெம்பு இருக்காது.

பத்திலிருந்து ஒன்று வரை எங்களுக்கு. செபாஸ்தியம்மாளும் பக்ருன்னிசாவும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பாடுவோம். அவள் கோவில் பாட்டை அவள் பாட, இவள் தாலாட்டை இவள் பாட, நான் பூந்தோட்டத்துப் பாட்டை எடுத்துவிடுவேன். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஒட்ட வேண்டும் என்று யார் அழுதார்கள்? அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் விடிகிறது என்று இருந்தது எனக்கு.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் பார்த்தால், குளத்தில் வேலை தீர்ந்துவிட்டது. மரம் வெட்ட ஆள் வரவில்லை. ஆடு எட்டிப் பார்க்கவில்லை. நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டியதும் இல்லை. ஒரு காலையில் பத்தாகியும் இவர் சட்டை போடவில்லை.

"கொளத்துல ஒண்ணும் ஜோலியில்ல புள்ள. எல்லாம் ஒழுங்கா இருக்குது" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் வந்தார்.

மறுநாளே மூவரும் பெருமாயி குடிசைக்குப் போனோம். "ஆத்தா, ஒன் ஆட்டக் கொஞ்சம் கொளத்துக்குள்ள விடு" என்று நான் கேட்டேன்.

அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் ஆத்தா, ஒங்க ஏட்டய்யா என்னைய உள்ள தள்ளுறதுக்கா?"

"அவரு எந்தப் பக்கம் நிக்காருன்னு நான் முன்கூட்டியே சொல்லியனுப்புறேன். நீ எதிர்ப் பக்கமா விடு" என்றாள் செபாஸ்தியம்மாள். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்று வீட்டுக் கழனித்தண்ணியும் இனி அவள் ஆட்டுக்கு என்று ஏற்பாடாயிற்று. முள்வேலியில் சந்து போட்டுக் கொடுத்ததும் நாங்கள்தான். கன்றுகள் இல்லாத புல் பக்கமாக நாலு ஆடு போய் வந்தது. அவ்வளவுதான், சங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஏட்டய்யா மண்டி போட்டுக் குளம்படியை ஜாண் வைத்து அளந்தார். பாய் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினார். ஆடு மட்டும் அகப்படவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

எங்கள் புத்தி அவ்வளவுதான் எட்டியது. இவருக்கு மூளை வேறு மாதிரி வேலை செய்யும் என்பதை மறந்துவிட்டோம். ஆட்டைப் பிடிக்க முடியாத வெறியில் இவர் உட்கார்ந்து சர்க்காருக்கு ஒரு மனு எழுதினார். குளத்தையும் காட்டையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டு கம்பிவேலி போட வேண்டும் என்று. மனுவில் எங்கெங்கே ஓட்டை இருக்கும், எந்த மேஜையில் எதைச் சாக்காக வைத்துத் திருப்புவார்கள் என்று இவருக்குத் தெரியாதா? அத்தனை ஓட்டையையும் முன்கூட்டியே அடைத்தார். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று ஒரு கேள்வி வருமே என்று, "எவரையும், எக்காரணம் கொண்டும், விதிவிலக்கின்றி அனுமதிக்கலாகாது" என்று ஒரு வரி போட்டார். அந்த வரியை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். அவ்வளவு பெருமை.

அந்த மனு எங்கேயும் நிற்கவில்லை. வருஷக்கணக்கில் நகராத ஆபீஸில் அது ஓட்டமாக ஓடி, தை மாதமே கம்பிவேலி வந்துவிட்டது. இரும்புக் கதவு, நம் திண்டுக்கல் பூட்டு, அறிவிப்புப் பலகை எல்லாம் வந்தன. இள வயது அதிகாரி ஒருவர் வந்து மூன்று தலைவர்களுக்கும் மாலை போட்டார். கைதட்டினோம். அவர் பூட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவி ஒண்ணு எங்ககிட்ட இருக்கோணுமுங்க. நாளைக்குத் தண்ணி ஊத்தோணும். மம்பட்டி உள்ளே கெடக்குதுங்க" என்றார் இவர்.

"அய்யா, எவரையும் விதிவிலக்கின்றி விடக்கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றார் அதிகாரி. குத்தலாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"அது மத்தவங்களுக்குங்க."

"அப்படி மனுவில் இல்லையே அய்யா."

அதிகாரி இடத்தில் இவர் இருந்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். அது இவருக்கும் தெரிந்தது. காவலாள் போடுவதற்கு உத்தரவு இன்னும் வரவில்லையாம். ஆக உள்ளே போக யாருக்கும் உரிமை இல்லை, தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இல்லை. ஜீப் போய்விட்டது.

மறுநாள் பத்து மணிக்கு மூன்று வீட்டிலும் மூன்று நாற்காலி. போச்சு, என் பாட்டு போச்சு என்று நான் பாத்திரத்தை உருட்டினேன். இவர் ஏனென்று கேட்கவில்லை. எண்ணெயை வேண்டுமென்றே கூடுதலாக ஊற்றினேன். அதையும் பார்க்கவில்லை. வீம்புக்குக் கடுகு டப்பாவைத் தூக்கிப் புளிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வார்த்தை இல்லை. பங்குனி வெயில் ஏறியதும் மொட்டை மாடிக்குப் போய்க் குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். புதுசாக நட்ட நாவல் கன்றுகள் அங்கிருந்து பார்த்தாலே சுருண்டு கிடந்தது தெரிந்தது.

"நாலு கொடம் தண்ணி. அம்புட்டுத்தான் கேக்குது" என்றார். மேற்கே தொப்பம்பட்டியில் பிறந்த இவர் வாயில் என் ஊர்ப் பேச்சு அம்புட்டு வந்தால், மனசு சரியில்லை என்று அர்த்தம்.

இந்த மனுஷன் வீட்டை விட்டுப் போகட்டும் என்று நான் கும்பிடாத சாமியில்லை. ஆனால் இப்படி இருந்த இடத்திலேயே இல்லாமல் போவார் என்று நினைத்தேனா? கூடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே வீடு வெறிச்சென்று இருந்தது. கேள்வி கேட்டாலும் பரவாயில்லை, கேட்டுத் தொலையேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அன்றைக்கே கழனித்தண்ணிக்கு வந்த பெருமாயியைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தினேன். "ஒன் ஆடுக இப்ப எங்க மேயுது?"

"எப்பயும் மேயுற எடத்துலதான்" என்றாள்.

"கம்பிவேலி போட்டுட்டாங்களே?"

"கம்பி தரையிலதான போட்டிருக்கு. வடக்க வரத்து வாய்க்கால் உள்ள போகுதுல்ல, அதுக்கு மேல தொங்கலாத்தான போகுது. வாய்க்காலுக்குள்ள எறங்குனா ஆடு போயிரும்."

நான் இவரிடம் போய், வந்தது வரட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆடு விட்டது, சந்து போட்டது, இப்போது இருக்கிற வழி, எல்லாம். கோபப்படுவார் என்று பார்த்தால், "அரசாங்க வேலியத் தாண்டறது குத்தம் புள்ள" என்றார்.

"யாரு தாண்டச் சொன்னா? குனிஞ்சு போங்க."

இவர் எழுந்து சட்டை போட்டார். குடையையும் எடுத்துக்கொண்டார்.

வேடிக்கை பார்க்கப் போனோம், போகாமல் இருப்போமா? வாய்க்காலில் இறங்கியதும் யார் முதலில் நுழைவது என்று சீனியாரிட்டிச் சண்டை வந்துவிட்டது. மத்திய சர்க்கார் என்று பாய் முன்னால் போனார். தவழ்ந்துதான் போனார். பின்னாலேயே இவர் குடையை உள்ளே தள்ளிவிட்டு மண்டியிட்டார். ஏட்டய்யா மட்டும் வரமாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நின்றார். சட்டத்தைக் காத்த உடம்பு, சட்டத்தை மீறாதாம். ஐந்து நிமிஷம் கழித்து, "அத்துமீறி நொழைஞ்ச ரெண்டு பேரையும் பிடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவரும் தவழ்ந்தார். ஒரு மணிக்கு மூவரும் சேறும் சகதியுமாக வெளியே வந்தார்கள்.

அதற்கப்புறம் தினமும் பத்து மணிக்கு அந்த இருவரும் அத்துமீறினார்கள், ஏட்டய்யா தினமும் பிடிக்கப் போனார். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரிலும் நிறுத்தவில்லை. சட்டையின் முதுகெல்லாம் கம்பி கிழித்த கோடு. நான் தைத்துக்கொண்டே பாடினேன். கன்றுகள் ஆள் உயரம் வந்தன. அந்த வருஷம் வந்த நாரைக்கூட்டத்தைப் போல நான் முன்னே பார்த்ததில்லை, கருவேல மரங்களே வெளுத்துப்போயின.

மறுவருஷம் வேலி போட்ட ஆண்டு நிறைவு என்று அதே அதிகாரி வந்தார். கதவுக்கு வெளியே பந்தல். முன்வரிசையில் மூன்று தலைவர்களும் முழங்கால் காய்ப்பை வேட்டியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வரிசையில் நாங்கள்.

"பார்த்தீர்களா! மனிதன் காலே படாமல் விட்டுவிட்டால் இயற்கை தன்னைத்தானே எப்படி வளர்த்துக்கொள்கிறது!" என்றார் அதிகாரி. மூன்று பேரும் கைதட்டினார்கள். கைதட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

அத்தோடு முடித்திருக்கலாம். கிளம்பும்போது அந்த மனுஷர் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். "சிரஸ்தார் அய்யாதான் இதற்கெல்லாம் மூலகாரணம். நீங்கள் சொல்லுங்கள், இந்த வேலியில் ஏதாவது குறை இருக்கிறதா?"

ஐயோ, யாரிடம் போய் எதைக் கேட்கிறார்! இவர் எழுந்து நின்றார். உத்தியோகத்திலிருந்த காலம் முழுக்க யாரும் கேட்காமலே குறை சொன்னவர். இப்போது மேலதிகாரியே கேட்கிறார். இவர் முதுகு நிமிர்ந்தது. கண் வடக்குப் பக்கம் போவதை நான் பார்த்தேன். தான் தவழ்கிற வழி என்பது அந்த நிமிஷம் இவருக்கு நினைவே இல்லை. பாய் இவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். ஏட்டய்யா இருமினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"ஒரே ஒரு கொறை இருக்குதுங்க" என்றார் இவர். "வடபொறத்துல, வரத்து வாய்க்கால்..."

நான் எழுந்து பாடிவிட்டேன்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பூந்தோட்டத்துப் பாட்டை அடித்தொண்டையிலிருந்து எடுத்துவிட்டேன். சாணார்பட்டியில் மாட்டை நிறுத்திய அதே குரல், இப்போது வயசும் சேர்ந்திருந்தது. பக்ருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டு தாலாட்டை ஆரம்பித்தாள். "சேசுவே" என்று முனகிவிட்டு செபாஸ்தியம்மாளும் கலந்துகொண்டாள். குளத்திலிருந்து நாரையெல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. இறுதி வணக்கப் பாட்டு என்று நினைத்து அதிகாரி விறைப்பாக எழுந்து நின்றார், ஊரே எழுந்து நின்றது. முடிந்ததும் அவர் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேகமாகப் போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.

இவர் மட்டும் சுட்டிய விரலை மடக்காமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணம் ஆன நாள் முதல் இவர் கேட்டிராத குரல்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டார். "தெனமும் பத்து மணிக்கு நம்ம வீட்டுல இதுதான் நடக்குதா புள்ள?"

"ஆமா. இதுதான்" என்றேன். என்ன குறை சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

செருப்பைக் கழற்றினார். குடையை மாட்டினார்.

"அப்ப நாளையிலிருந்து நான் ஒம்பது மணிக்கே போயிர்றேன்" என்றார்.